பேணியும் பேணுதலும்

1997ஆம் ஆண்டு, லண்டனுக்கு வெளியே ஒரு சிறு நகரில் வாடகைக்கு இருந்த காலத்தில், பழைய பிஎஸ்ஏ பன்ரம் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அதற்குப் பெரிய நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. சிறுவயதில் எங்கள் ஒழுங்கையால் அப்படியொன்று போய்வரும். சத்தம் கேட்டால் படலைக்கு ஓடுவோம். முப்பது வருடங்களுக்குப் பிறகு அதே சத்தத்தை ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பின்வளவில் கேட்டபோது, கையில் இருந்த காசைக் கொடுத்துவிட்டேன்.

பன்ரமும் ஒருவகையில் இடம்பெயர்ந்ததுதான். அதன் மூலவடிவம் டிகேடபிள்யூ ஆர்ரி 125 என்ற ஜேர்மன் வண்டி. இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜேர்மனியிடமிருந்து இழப்பீடாக எடுக்கப்பட்ட அந்த வடிவம் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போய், அங்கங்கே வேறுவேறு பெயர்களோடு ஓடியது. பேர்மிங்காமில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய பிஎஸ்ஏ 1948இல் அதைப் பன்ரம் என்று வெளியிட்டது. தந்தி கொண்டு திரிந்த பையன்கள் ஓடியதும் இந்த வண்டியைத்தான்.

நான் வாங்கிய வண்டியில் ஒரு குறை இருந்தது. ராங்கிக்கு அடியில் பெற்றோலைத் திறந்து பூட்டும் சின்னப் பித்தளைக் குழாய் ஒழுகியது. பெரிய ஒழுக்கல்ல. நின்று பார்த்தால் ஒரு சொட்டுத் திரண்டு, யோசித்து, பிறகு விழும். நான் சமையலறையில் இருந்து ஒரு தகரப்பேணியை எடுத்துவந்து அதன் கீழே வைத்தேன். காலையில் பேணியில் இருப்பதைத் திரும்ப ராங்கிக்குள் ஊற்றினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் இலேசில் பற்றாது. ஆகவே போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் ஒருசில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்துக் கிளப்பவேண்டும். கிளம்பியபின் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு போகலாம்.

எங்கள் வீட்டு வண்டியின் குழாயும் அப்போது ஒழுகியது. மாற்றுவதற்குக் குழாய் எங்கும் கிடையாது. ஐயா ஒரு பால்மாப் பேணியை அதன் கீழே வைத்தார். “ஒரு சொட்டும் நிலத்திலை விழக்கூடாது” என்பது அவருடைய கட்டளை. இரவு சேர்ந்த மண்ணெண்ணெயில் சிலவேளை விளக்கு எரியும், சிலவேளை வண்டி ஓடும். அந்தப் பேணியை இன்றைக்கும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். இல்லாமைக்குள் மனிதர் காட்டிய புத்தி அது.

இங்கே என் கராஜுக்கு மேலே ஓர் அறை இருந்தது. அதில் ஓர் இளம் தமிழ்க் குடும்பம், கைக்குழந்தையோடு. ஒருநாள் அந்தப் பிள்ளையின் தாய் படியிறங்கி வந்து தயங்கியபடி சொன்னார்:

“அண்ணை, பிள்ளை படுக்கிற அறைக்குள்ள பெற்றோல் மணக்குது.”

“பழைய வண்டியல்லோ தங்கச்சி, அப்பிடித்தான் மணக்கும். இரண்டு மூண்டு நாளிலை பழகிப்போம்.”

“பழகித்தான் போச்சுது அண்ணை. முதல் கிழமை மணந்தது, இப்ப எனக்கு மணக்கேல்லை. நேற்று வந்த தங்கச்சிதான் சொன்னவ. அதுதான் பயமாக் கிடக்கு.”

அவர் போனபிறகு நான் கராஜுக்குள் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் மணக்கவில்லை. மூலையில் வீட்டுக்குச் சுடுதண்ணீர் தரும் எரிவாயுக் கொதிகலன் நின்றது. அதனுள்ளே எப்போதும் எரியும் சிறு சுடர் நீலமாகத் தெரிந்தது.

தெரியாத விடயம் என்று நான் சொல்லமுடியாது. மண்ணெண்ணெய் 38 பாகை அளவுக்காவது சூடேறினால்தான் பற்றக்கூடிய அளவு ஆவியை விடும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலெழுந்து கலைந்துபோகாமல் நிலத்தோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும், தூரத்தில் இருக்கும் சுடரைத் தேடிப்போகும். பேணி திரவத்தைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. சொல்லப்போனால், திறந்த பேணி ஆவியாவதற்கு வசதியான ஓர் ஏற்பாடு. ஐயாவின் பேணி சேமித்தது. என்னுடைய பேணி ஒரு குழந்தையின் கட்டிலுக்குக் கீழே ஆபத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே பேணி, ஒரே கை, ஒரே பழக்கம். திரவம் மட்டும் மாறியிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

சமாளித்தல் ஒரு நற்குணமா? எங்களவர் பெரும்பாலும் ஆம் என்றே சொல்வார்கள். நாங்கள் சமாளித்து உயிர் தப்பியவர்கள். அதனால் சமாளிப்பை ஒரு திறமையாக அல்ல, ஓர் அறமாகவே கொண்டாடப் பழகிவிட்டோம். ஆனால் எந்தச் செயலும் தன்னளவிலேயே அறமாகிவிடுவதில்லை என்று எனக்குப் படுகிறது. திருத்த வழியில்லாத இடத்தில் சமாளிப்பது பொறுமை. திருத்த வழியிருக்கும் இடத்தில் அதே சமாளிப்புச் சோம்பல். அதன் ஆபத்தை இன்னொருவர் சுமக்கிறார் என்றால், அது சோம்பலையும் தாண்டிய ஒன்று. அந்தக் குழந்தையிடம் நான் அனுமதி கேட்கவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. திருத்துவதற்குக் காசும் நேரமும் வேண்டும், விசா வேண்டும், மொழி வேண்டும். அகதிக் கோரிக்கையின் முடிவுக்காக வருடக்கணக்காகக் காத்திருப்பவனிடம் போய் உன் வாழ்க்கையைத் திருத்து என்று சொல்வது அநியாயம். அவனுடைய பேணி ஐயாவின் பேணிதான். நான் அவனைச் சொல்லவில்லை. வழி திறந்து வருடங்கள் ஆனபின்னும் பேணியை எடுக்காமல் இருக்கும் எங்களைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் நெஞ்சுநோவை ஒரு வருடமாகச் சோடா குடித்துச் சமாளித்தார். ஊரில் ஆஸ்பத்திரியில் மருந்தில்லாத காலத்தில் பழகிய பொறுமை. இங்கே வைத்தியர் இரண்டு தெரு தள்ளி இருந்தார், காசும் கேட்கமாட்டார். கடைசியில் நாங்கள் அவரைக் கொண்டுபோனபோது காலம் பிந்திவிட்டது. செத்தவீட்டில் எல்லோரும் அவருடைய தாங்கும் சக்தியைப் பற்றியே பேசினோம். அது அவரைக் கொன்றது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை வண்டியை வெளியே முற்றத்துக்கு உருட்டினேன். ராங்கியை வெறுமையாக்கி, மூடியுள்ள கலனில் பெற்றோலை ஊற்றிவைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினேன். உள்ளே ஒரு பித்தளைத் தண்டு. இழுத்தால் பெற்றோல் ஓடும், தள்ளினால் நிற்கும். அதை நிறுத்துவது தண்டைச் சுற்றியிருக்கும் ஒரு துண்டுத் தக்கை. பக்கத்தில் இருந்த சின்னத் திருகாணியைக் கழற்றியதும் தண்டு கையோடு வந்தது. தக்கை சுருங்கி, புளியங்கொட்டை போல இறுகிப்போயிருந்தது.

தக்கையின் இயல்பு அது. நனைந்திருக்கும்வரை ஊதி அடைத்துக்கொள்ளும். ராங்கியைக் காயவிட்டு மாதக்கணக்காக நிறுத்திவைத்தால் சுருங்கும். ஓடித் தேய்ந்ததால் அல்ல, ஓடாமல் கிடந்ததால் ஒழுகும் குழாய் அது. கொதிநீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தேன். ஊதி வந்தது. தண்டைப் பூட்டி, ராங்கியோடு பொருந்தும் இடத்துக்குப் புதிய வளையம் போட்டு இறுக்கினேன்.

சோதிப்பதற்குப் பெற்றோலை ஊற்றவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, கீழே பழைய பத்திரிகைத் தாள் விரித்துவிட்டேன். பெற்றோல் சொட்டு விழுந்த சுவடில்லாமல் பறந்துபோகும். மண்ணெண்ணெய் கறை வைக்கும், பொய் சொல்லாது. விடியப் பார்த்தபோது தாளில் கறை இல்லை. மொத்தச் செலவு ஒரு வளையத்தின் காசு. மொத்த நேரம் ஒரு பின்னேரம். எட்டு மாதமாக நான் செய்யாதிருந்தது இவ்வளவுதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 2021 செப்ரெம்பரில் இங்கிலாந்தில் சாதாரணப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலப்பது வழமையாயிற்று. பழைய வண்டிகளின் றப்பரையும் அரக்குப் பூச்சையும் எதனோல் கெடுக்கும். திரவம் மறுபடியும் மாறியது. இந்தமுறை நான் காத்திருக்கவில்லை. தக்கையை எடுத்துவிட்டு, எதனோலைத் தாங்கும் செயற்கை றப்பர் வளையம் போட்ட தண்டொன்றைப் பூட்டினேன். அதுவும் என்றைக்கும் நிற்கும் என்று சொல்லமாட்டேன். திருத்துவது ஒருமுறை செய்துமுடிக்கும் காரியம் அல்ல. இப்போது எது ஓடுகிறது, கீழே யார் இருக்கிறார்கள், மேலே யார் படுத்திருக்கிறார்கள் என்று அடிக்கடி கேட்டுக்கொள்வது.

எங்கள் ஊர்த் தமிழில் தகரக்குவளைக்கும் பேணி என்றுதான் பெயர். ஒன்றைப் பேணி வைத்தேன் என்றாலும் அதே சொல்தான். எட்டு மாதமாக நான் இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியிருந்தேன்.

மேலறையில் படுத்திருந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல். போன வருடம் ஒரு கலியாணவீட்டில் கண்டேன். என்னை அடையாளம் தெரியவில்லை. தாய், “உங்கடை பழைய மோட்டார் சைக்கிள் இன்னும் ஓடுதோ அண்ணை?” என்று கேட்டார்.

ஓடுது என்றேன். ஒழுகவில்லை என்றும் சொன்னேன்.