ஒரே ஓட்டை, இரண்டு நியாயம்

மொட்டைமாடியில் நாலு செடி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றாலும், வைத்திருக்கும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செம்மண், தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து பையில் நிரப்பி, விதை ஊன்றி, தினமும் காலையில் காபி டம்ளரோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

நல்ல பழக்கம்தான். சிறுகீரையைத் தூவினால் 25 நாளில் பறித்துவிடலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்க ஆரம்பிக்கும். கத்தரிக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இந்த மாடித்தோட்டக்காரரிடம் ஒரு விசேஷம் உண்டு. கீரையில் ஓட்டை விழுந்தால் கூப்பிட்டுக் காட்டுவார். ‘பாருங்க சார், பூச்சி சாப்பிட்டிருக்கு! மருந்தே அடிக்கலை!’ கத்தரிக்காயில் புழு இருந்தால் அந்த இடத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் குழம்பில் போட்டுவிடுவார்.

அதே மனிதரை மறுநாள் காய்கறிக் கடையில் பாருங்கள். ‘என்னம்மா, இலையெல்லாம் ஓட்டையா இருக்கு?’ என்று கீரைக் கட்டை வீசுகிறார். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசி முனை அளவு துளை தெரிந்தாலும் ஒதுக்குகிறார். வெண்டைக்காயின் நுனியை ஒவ்வொன்றாக ஒடிக்கிறார். ஒடியாதது கசங்கிப்போய்க் கூடையிலேயே கிடக்கிறது. நஷ்டம் அந்தக் கடைக்கார அம்மாவுக்கு.

வீட்டில் நற்சான்றிதழாக இருந்த ஓட்டை, கடையில் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. இது எந்த ஊர் நியாயம்?

‘காசு கொடுத்து வாங்குறவன் நல்லதாத்தானே கேட்பான்?’ என்பீர்கள். சரியான கேள்வி. அழுகலை வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. ஆனால், அழுகல் வேறு, ஓட்டை வேறு. வீட்டுத் தொட்டியில் அந்த வித்தியாசம் நமக்கு நன்றாகத் தெரிகிறதே!

நீங்கள் ஒதுக்கிய காய் எங்கே போகிறது, யோசியுங்கள். விற்காத காயைக் கடைக்காரர் அடுத்த முறை வாங்க மாட்டார். மண்டியில் அதற்கு விலை இறங்கும். கடைசியில் சேதி விவசாயியிடம் போய்ச் சேரும்: ‘துளை இருந்தால் விலை இல்லை.’ அவர் என்ன செய்வார்? மருந்து அடிப்பார்.

கத்தரியைத் தாக்கும் காய்த்துளைப்பான் புழு காய்க்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு மேலே எவ்வளவு தெளித்தாலும் சுலபத்தில் எட்டாது. அதனால் திரும்பத் திரும்பத் தெளிக்கிறார்கள். 2010-ல் மத்திய அரசு நிறுத்திவைத்த பி.டி. கத்தரிக்காய்கூட இந்தப் புழுவைச் சமாளிக்க உருவாக்கப்பட்டதுதான். அத்தனை பெரிய தலைவலி அது.

ஆக, பளபளவென்று காய் கேட்பதும் நாம்தான். ‘எல்லாத்துலயும் விஷம் சார்’ என்று புலம்புவதும் நாம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டை இருப்பதாலேயே அது மருந்து படாத காய் என்று ஆகிவிடாது. மருந்தை மீறியும் புழு வரும். எனவே நான் சொல்வது உங்கள் ஆரோக்கியத்துக்கான யோசனை அல்ல. இது நியாயம் பற்றிய கேள்வி. உங்கள் மாடியில் புழு வந்தால் ஒரு நாள் குழம்பில் காய் குறையும். விவசாயியின் வயலில் வந்தால், கடன் வாங்கிப் போட்ட முதல் போகும். இழப்பு சின்னதாக இருக்கும் இடத்தில் பெருந்தன்மையும், பெரிதாக இருக்கும் இடத்தில் கறாரும் காட்டுவது எப்படிச் சரியாகும்?

1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். ‘ரெண்டு ஓட்டை இருந்தாப் பரவாயில்லைங்க’ என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். பக்கத்தில் சந்தை இல்லையா? தெருக்கடையிலேயே, துளை விழுந்த காய் இரண்டைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அதற்காக விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.

வீட்டுக் காய்க்குச் செய்வதைத்தானே செய்யப்போகிறீர்கள்? கத்தி இருக்கிறது, நறுக்கி எறிந்தால் போயிற்று.