நூற்காத மலர்



மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் காட்டுப்புஷ்பங்களைப்பற்றி ஆண்டவர் சொன்னதை நம் கூரம் சபையிலே பிரசங்கித்தேன். ஆராதனை முடிந்ததும் பட்டுத்தறி நெய்கிற ஒரு சகோதரி வந்தார்கள். "பாஸ்டர், பூ நூற்காது, சரி. நாங்க நெய்யலன்னா அடுப்பு எரியுமா? மழையில தறிக்குழி பூரா தண்ணி. பத்து நாளா கூலி இல்ல" என்றார்கள். எனக்கு வாயடைத்துப்போயிற்று.

வீட்டிலே முழங்காலில் நின்றபோது, 2018ல் ஊழியத்துக்காகக் கொடைக்கானல் போய்க் கண்ட குறிஞ்சி ஞாபகம் வந்தது. சரிவெல்லாம் ஊதாநீலம்! நம் ஊர்ப் பட்டிலும் அந்த நிறத்தை நான் கண்டதில்லை. அதற்குமுன் பூத்தது 2006ல். அந்தச் செடிகள் விதை சிந்தி மடிந்தன. அந்த விதையில் முளைத்தவை பன்னிரண்டு வருஷம் வெறும் பச்சைப் புதராகவே நின்றன. யார் திரும்பிப் பார்த்தார்கள்? மழையிலும் பனியிலும் வேர் மட்டும் தன் வேலையை விடவில்லை.

பிரியமானவர்களே, ஆண்டவர் வேலையை விடச் சொல்லவில்லை, கவலையைத்தான் விடச் சொன்னார். இதைச் சொல்லத்தான் மறுநாள் சகோதரி வீட்டுக்குப் போனேன். அவர்கள் தறிக்குழித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டேன்.

இன்னும் பாவு ஏற்றவில்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.