தேரும் பந்தலும்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்றோம். அவனது பறம்பு மலை இன்று சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் வழியே சென்றால் வெகுதொலைவன்று. ஆயினும், வீட்டு வாசலில் முல்லை வளர்க்கும் ஒருவரிடம் இக்கதையைச் சொன்னால் அவர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்: மறுநாள் அதற்குத் தண்ணீர் ஊற்றியவர் யார்? காட்டு முல்லைக்கு மழை போதும் எனப் புலவர்கள் விடையிறுக்கலாம். நம் செம்மண் பூமியின் வீட்டு முல்லைக்கு அது போதாது.

முல்லைக்குப் பற்றுக்கம்பிகள் இல்லை. மெலிந்த தண்டை எதன்மீதேனும் சாய்த்தே அது மேலேறுகிறது. கொடைக்கானல் மலைப் பகுதியில் வளரும் கிளமாட்டிஸ் கொடியோ தன் இலைக்காம்பையே கையாக வளைத்துப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய குச்சியொன்று கொடுத்தால் போதும். முல்லையை நாம்தான் பந்தலில் கட்டிவிட வேண்டும், வாழைநாரால், அதுவும் தளர்வாக. இறுக்கிக் கட்டினால், தண்டு பருக்கும்போது அக்கட்டே அதனை அறுத்துவிடும். தாங்குவதாக எண்ணி நெரிப்பது செடிகளிடம் மட்டும் நிகழ்வதன்று.

நீரும் வெயிலும் எருவும் கொடுப்பதில் எவருக்கும் தயக்கமில்லை. கவாத்து என்றவுடன் கை நடுங்குகிறது. மல்லிகைக்கு நவம்பர் இறுதியும் முல்லைக்குச் சனவரி இறுதியும் ஏற்ற காலம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பூ புதுத்தளிரில்தான் வரும். வெட்டாத கொடி அடியில் விறகாகவும் மேலே வெறும் தழையாகவும் நின்றுவிடும். யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், திராட்சைக் கிளையை நறுக்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், சீடர்கள் தூய்மையாய் இருப்பதைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரினின்று பிறந்தவை. வெட்டுவதும் பேணுதலே என்பது இதனால் விளங்கும்.

எனினும், வெட்டும் உரிமை எவருக்கு? ஆண்டு முழுவதும் அக்கொடியின் அருகில் நின்றவருக்கே என்போம். பத்தாண்டுகளாக வீட்டுப் பக்கம் எட்டிப்பாராத பெரியப்பா, பிள்ளையின் திருமணப் பேச்சு எழும்போது மட்டும் கத்தரியோடு வந்து நிற்பதை நாம் கண்டதில்லையா?

ஈகை ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடலாம். பேணுதலுக்கு நாள்கள் வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடமே எப்போதும் சேர்ந்திருப்பதில்லை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. பழனி மலைப் பகுதியை ஆண்ட பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை அளித்தவன். அவனே தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியோடு வாழ்ந்தான். (சிலம்பின் கண்ணகி வேறு.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்க்கிழார் ஆகிய நால்வரும் அவள் பொருட்டு அவனிடம் பாடியவை புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன. 145ஆம் பாட்டில் பரணர் முதலில் மயிலுக்கு இரங்கிய அருளை நினைவூட்டுகிறார். பிறகு தாம் வேண்டும் பரிசிலைச் சொல்கிறார். அது பொன்னன்று, உணவுமன்று. இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைய வேண்டும் என்பதே.

பாரியின் தேர் காட்டில் நின்றது. பேகனின் தேர் வீடு திரும்ப வேண்டும் எனக் கேட்கப்பட்டது. இவற்றுள் எது அரிது? திருவிழாவுக்குக் கொடிமரம் செய்து தருபவரின் பெயர் கல்வெட்டில் ஏறுகிறது. பின்கட்டில் படுத்திருக்கும் தாய்க்கு இருவேளையும் மருந்து எடுத்துக் கொடுக்கும் மருமகளின் பெயரை எந்தக் கல்லிலும் நாம் படித்ததில்லை. கொடிமரம் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பரணர் மயிலின் போர்வையைப் பழிக்கவில்லை. அந்த அருளையே வீட்டுப் பக்கம் திருப்பக் கேட்டார்.

பேகன் அன்றிரவு தேரேறினானா என்பதைப் புறநானூறு கூறவில்லை.