வாழையடி வாழை

வாழை குலை தள்ளும் காலத்திலேயே அதன் அடியில் கன்றுகள் முளைத்து விடுகின்றன. குலை முற்றி வெட்டப்பட்டதும் தாய்மரம் சாய்கிறது, தோப்பு சாய்வதில்லை. ஆயினும் முளைத்த கன்று ஒவ்வொன்றும் தானாகவே மரமாகி விடாது. நல்ல கன்று எதுவென்று பார்த்து, மண் அணைத்து, நீர் பாய்ச்சிக் காப்பவர் ஒருவர் வேண்டும்.

பொதுத்தொண்டின் நிலையும் இதுவே. ஒரு பெரியவரின் தவத்தால் ஓர் அமைப்பு தழைக்கிறது. அவர் கண்மூடியதும் அவரது படத்திற்கு மாலை சூட்டப்படுகிறது, விளக்கும் ஏற்றப்படுகிறது. ஆனால் அவர் செய்து வந்த பணி சிறிது சிறிதாக அணைந்து போகிறது. காரணம் என்ன? அவர் இருந்தபோது கன்று வளரவில்லை.

இராமாயணத்தில் கடற்கரையில் திகைத்து நின்ற வானர வீரர்கள் தத்தம் தாவும் ஆற்றலைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். முதியவரான ஜாம்பவான் தம் இளமைக்கால வலிமையையும் நினைவுகூர்ந்தார். ஆனால் அந்த நினைவிலேயே அவர் தங்கிவிடவில்லை. எதுவும் பேசாமல் ஒதுங்கியிருந்த அனுமனைத் தேடிச் சென்று, அவருடைய ஆற்றலை அவருக்கே உணர்த்தினார். கடலைத் தாண்டியது அனுமனின் கால்கள். தாண்ட வல்லவர் யார் என்று கண்டது ஜாம்பவானின் கண்கள்.

ரானடே கண்ட இளைஞர்

அத்தகைய கண்கள் பூனா நகரில் மகாதேவ கோவிந்த ரானடேயிடம் இருந்தன. நீதிபதியாக அரசுப் பணியில் இருந்ததால் அவர் அரசியலில் வெளிப்படையாக முன்நிற்க இயலாதவர். 1887-ஆம் ஆண்டு வாக்கில் கோபால கிருஷ்ண கோகலே என்ற ஆசிரியர் அவரிடம் வந்து சேர்ந்தார். இளைஞருக்கு வயது இருபத்தொன்று. அன்று தொடங்கிய பயிற்சி 1901-இல் ரானடே மறையும் வரை நீடித்தது.

அது மேடைப் பேச்சுப் பயிற்சி அன்று. அரசின் அறிக்கைகளையும் வரவு செலவுக் கணக்குகளையும் வரி வரியாகப் படித்து, பிழையின்றி விண்ணப்பங்கள் எழுதும் கடும் உழைப்பு. அரசோ அவ்விண்ணப்பங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மனம் சோர்ந்த கோகலே, இதனால் என்ன பயன் என்று குருவிடம் கேட்டார். விண்ணப்பங்கள் பெயரளவில்தான் அரசுக்கு எழுதப்படுகின்றன, உண்மையில் அவை மக்களுக்கே எழுதப்படுகின்றன, நாட்டு விஷயங்களைச் சிந்திக்க மக்கள் பழகும் வரை பலனை எதிர்பாராது பல்லாண்டுகள் உழைக்க வேண்டும் என்று ரானடே விளக்கினார். கீதை கூறும் கர்மயோகம் ஒரு மேசையின் மீது, காகிதக் கட்டுகளின் நடுவே கற்பிக்கப்பட்டது.

தவறு நேர்ந்தபோது

1897-இல் சோதனை வந்தது. அப்போது பூனாவில் பிளேக் நோய் பரவியிருந்தது. இங்கிலாந்து சென்றிருந்த கோகலே, தமக்கு வந்த கடிதங்களை நம்பி, நோய்த் தடுப்புப் பணியில் இருந்த சிப்பாய்கள் மீது கடுமையான குற்றச்சாட்டைக் கூறினார். நாடு திரும்பியபோது அதை நிரூபிக்க யாரும் முன்வரவில்லை. அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சொந்த மக்களே அவரை ஏளனம் செய்தனர்.

ரானடே தம் மாணவரைக் கைவிடவில்லை. மறு ஆண்டு கோகலே பிளேக் நிவாரணப் பணியில் தம்மை ஈடுபடுத்திக் கொண்டார். தலைவரின் உண்மையான தேர்வு இங்குதான் நிகழ்கிறது. சீடன் வெற்றி பெறும்போது அருகில் நிற்பது எளிது. தவறிய நாளில் அருகில் நிற்பதற்கே அன்பு வேண்டும்.

குன்றின் மேல் சங்கல்பம்

1905-ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று, பெர்குஸன் கல்லூரியை அடுத்த குன்றின் மீது கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் சிவராம் ஹரி சாடே என்ற மூத்தவர் முன்னிலையில் தாமே விரதம் ஏற்றார். பிறகுதான் திராவிட், பட்வர்தன், தேவதர் ஆகிய மூவருக்கு அதை வழங்கினார். தாம் ஏற்காத விரதத்தைப் பிறர் மீது சுமத்தவில்லை.

விரதங்கள் ஏழு. நாட்டை முதலாகக் கருதுவது, சொந்த லாபம் தேடாதிருப்பது, சாதி சமய வேற்றுமையின்றி அனைவரையும் சகோதரராக எண்ணுவது, சங்கம் தருவதைக் கொண்டு வாழ்வது, தூய வாழ்க்கை நடத்துவது, எவருடனும் சொந்தப் பூசல் கொள்ளாதிருப்பது, சங்கத்தின் நோக்கத்தை மறவாதிருப்பது ஆகியவை அவை. புதியவருக்கு ஐந்தாண்டுப் பயிற்சி: மூன்றாண்டு பூனாவில் படிப்பு, இரண்டாண்டு நாடெங்கும் பயணம். பொதுவாழ்வு ஆன்மிக மயமாக வேண்டும் என்பதே கோகலேயின் துணிபு.

சங்கம் எண்ணிக்கையில் என்றும் பெரிதாகவில்லை. ஆனால் வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கிய சீனிவாச சாஸ்திரியார் 1907-இல் அதில் சேர்ந்தார். தொழிலாளர் இயக்கத்திற்கு என்.எம். ஜோஷியும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் சேவைக்குத் தக்கர் பாபாவும் அங்கிருந்தே கிடைத்தனர்.

தம்மைப் போல் இல்லாதவர்

தம் சாயலில் உள்ளவரைத் தேர்ந்தெடுப்பது யாவர்க்கும் இயல்பு. மாறுபட்டவரிடம் மேன்மையைக் காண்பது அரிது. 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் பூனா வந்தார். அவருடைய கருத்துகள் பலவற்றைக் கோகலே ஏற்கவில்லை. சங்க உறுப்பினர்களும் தயங்கினர். ஆயினும் அவர்கள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் தாம் அவரை உறுப்பினராகவே கருதுவதாகக் கோகலே கூறினார். ஆசிரமச் செலவையும் ஏற்க முன்வந்தார். ஓராண்டு காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்கும்படி அறிவுரை தந்தார்.

அந்நாட்களில் காந்தியடிகளுக்காக அவர் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். உடல் தளர்ந்திருந்த நிலையிலும் அதில் கலந்துகொள்ள வந்தவர், மயங்கி விழுந்தார். நினைவு திரும்பியதும், விருந்து தொடர்ந்து நடக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். சில நாட்களில், பிப்ரவரி 19 அன்று, நாற்பத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார்.

காந்தியடிகள் சங்கத்தினருக்குச் சங்கடம் வேண்டாமென்று தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் குருவின் சொல்லைக் காத்து ஓராண்டு பயணம் செய்தார். பூனாவில் பிறந்த சங்கத்தின் தலைமை ஒரு தமிழரான சாஸ்திரியாரிடம் சென்றது. கோகலே விட்டுச் சென்றது ஒரு கன்றை அன்று, ஒரு தோப்பை.

தொண்டில் மூத்தோர் ஒவ்வொருவரும் நாள்தோறும் இரவில் தம்மைக் கேட்டுக்கொள்ளத் தக்க கேள்வி ஒன்று உண்டு: 'நாளை நான் இல்லையெனில் இந்தப் பணியை யார் செய்வார்?' விடையாக ஒரு பெயரும் எழவில்லையெனில், எவ்வளவு உழைத்திருந்தாலும் பாதிக் கடமை மீதி நிற்கிறது. பெயர் எழுந்தால், மறுநாள் காலையே அவரை அழைத்து ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாம். அவர் தவறக்கூடும். அன்று அவருக்கு அருகில் நிற்பதும் பூஜையே.