கடவுளை விலக்கிய பிறகும் மிஞ்சும் கேள்வி

அமெரிக்காவில் கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, ஜெபமாலையோடு மருத்துவமனை வாசலில் நிற்கும் கூட்டம்தான். அந்தச் சித்திரத்துக்குள் அடங்காதவர்களும் அங்கே உண்டு. நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் நெடுங்காலம் எழுதிய நாட் ஹென்டாஃப் ஒரு நாத்திகர். குடிமை உரிமைகளுக்காக வாதாடியவர். 1980களில் அவர் கருக்கலைப்பை எதிர்க்கத் தொடங்கியபோது, இடதுசாரிச் சகாக்கள் சிலர் அவருடன் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். 2009இல் ‘செக்யூலர் ப்ரோ-லைஃப்’ என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு உருவானது.

இவர்களிடம் “உங்கள் மதத்தை எங்கள்மேல் திணிக்காதீர்கள்” என்று சொல்லி விவாதத்தை முடித்துவிட முடியாது. மதம் பெரிதாக எடுபடாத ஒரு பல்கலைக்கழக ஊரில் இப்படியொரு குழுவைத் தொடங்குபவர் பைபிளைத் தேடமாட்டார். தத்துவவியலாளர் டான் மார்க்விஸ் 1989இல் முன்வைத்த வாதத்தைச் சொல்வார். ஒருவரைக் கொல்வது ஏன் தவறு? அவர் வாழ்ந்திருக்கக்கூடிய எதிர்காலம் முழுவதையும் பறித்துவிடுவதால். கருவுக்கும் அப்படியொரு எதிர்காலம் உண்டு.

இதை எள்ளி ஒதுக்குவது நேர்மையல்ல. கருவைக் கலைத்துவிட்டு நிம்மதியடைந்த பெண்களும், பல ஆண்டுகள் கழித்தும் அதை நினைத்துக்கொள்ளும் பெண்களும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அங்கே இழப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை என்று பின்னவர்களிடம் சொல்ல நாம் யார்?

ஆனால் அந்த வாதத்தில் கடவுளோடு சேர்ந்து இன்னொருவரும் காணாமல் போய்விடுகிறார்: கர்ப்பிணி. கருவின் எதிர்காலம் அவளுடைய ரத்தத்திலும் எலும்பிலும் வளர வேண்டியிருக்கிறது. 1978இல் பென்சில்வேனியாவில் ஒரு வழக்கு நடந்தது. மஜ்ஜை செயலிழந்து சாகக்கிடந்த ஒருவர், தன் உறவினரின் எலும்பு மஜ்ஜையைக் கேட்டார். உறவினர் மறுத்தார். அந்த மறுப்பு அறத்துக்குப் புறம்பானது என்று நீதிபதி கண்டித்தார். ஆனாலும் ஒருவர் உடலிலிருந்து எடுத்துக்கொடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றே தீர்ப்பளித்தார். சில வாரங்களுக்குள் நோயாளி இறந்துபோனார்.

தாயின் கடமை வேறல்லவா என்று கேட்பார்கள். வேறுதான். ஆனால் பெற்ற குழந்தைக்கே சிறுநீரகம் தேவைப்பட்டாலும், தகப்பனைக் கட்டிப்போட்டு அதை எடுக்க அங்கே எந்தச் சட்டமும் இல்லை. ஒன்றை அறம் என்று நம்புவது வேறு; அதைப் பிறர் உடலின்மேல் அரசைக்கொண்டு நிறைவேற்றுவது வேறு.

இந்த வேறுபாட்டை நாமும் தடுமாறித்தான் கற்றோம். பெண் கருக்கள் அழிக்கப்படுவதை எதிர்த்தபோது ‘பெண் கருக்கொலை’ என்றே முழங்கினோம். பெண்ணை வேண்டாதவளாக்கிய சமூகத்தைச் சாடினோம். ‘கொலை’ என்ற சொல்லோ கலைத்தவள் தலையில் போய் விழுந்தது. பாலினம் கண்டறிவதைத் தடைசெய்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. மாறாக நிரூபிக்கப்படாதவரை, கணவனோ உறவினரோதான் அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று அது அனுமானித்துக்கொள்கிறது.

2022இல் கருக்கலைப்புக்கான அரசியலமைப்புப் பாதுகாப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. பல மாநிலங்கள் தடை விதித்தன. ஆனால் எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஊதியத்தோடு பேறுகால விடுப்பு தரும் தேசியச் சட்டம் அங்கே இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது ஊதியமில்லாத 12 வாரங்கள். அதுவும் எல்லோருக்கும் அல்ல.

ஆகவே, புதிதாகத் தொடங்கும் அந்தக் குழுவிடம் நான் கடவுளைப் பற்றிக் கேட்கமாட்டேன். உங்கள் முதல் கோரிக்கை என்ன என்று கேட்பேன். விடுப்பும் வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் என்றால், அவர்களோடு சேர்ந்து கையெழுத்திடுவேன். 2017 ஜனவரியில் வாஷிங்டன் பெண்கள் பேரணியின் பங்காளர் பட்டியலிலிருந்து, ‘நியூ வேவ் ஃபெமினிஸ்ட்ஸ்’ என்ற கருக்கலைப்பு எதிர்ப்புக் குழு நீக்கப்பட்டது. பேரணியில் அவர்கள் நடந்து வருவதில் எனக்குத் தடையில்லை. தண்டனைச் சட்டம்தான் முதல் கோரிக்கை என்றால், அவர்கள் கையில் ஜெபமாலை இல்லை என்பதால் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.