சிலிண்டர் விலையும் ஊழும்

சமையல் காஸ் விலை ஏறும்போது ‘எல்லாம் தலையெழுத்து’ என்று ரசீதை மடித்து வைப்பது சென்னையிலும் உண்டு, ஆந்திராவின் சந்திரகிரிக் கடைவீதியிலும் உண்டு. மழை பொய்த்ததைப் பேசும் அதே குரலில்தான் விலையையும் பேசுகிறோம். காரணம் இல்லாமல் இல்லை. சவூதியில் ஒரு நிறுவனம் மாதாமாதம் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் விலை அறிவிக்கிறது, டாலர் ஏறுகிறது, கப்பல் வருகிறது, முதல் தேதி வந்தால் நாளிதழில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு நகரங்களின் விலை அச்சாகிறது. சந்திரகிரிக்காரர் சென்னை விலையைப் பார்த்து, வண்டிக்கூலி வித்தியாசத்தை மனத்தில் சேர்த்துக்கொள்கிறார். இதில் யாரைப் பிடித்துக் கேட்பது? கேட்க ஆள் கிடைக்காத துன்பத்தை ஊழின் கணக்கில் எழுதுவது நமக்குப் பழகிப்போன வழி. ஆனால் அந்தச் சென்னை விலையைச் சில ஆண்டுகள் விடாமல் பார்த்தால், அந்தக் கணக்கு உதைக்கிறது.

2023 மார்ச்சில் சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த விலை, ஆகஸ்ட் 30 அன்று ஒரே வீச்சில் 200 ரூபாய் இறங்கியது; அன்று ரக்ஷா பந்தன். அடுத்து 2024 மார்ச் 8, மகளிர் தினத்தன்று அறிவித்தபடி 100 ரூபாய் இறங்கி 818 ரூபாய் 50 காசு ஆனது. சில வாரங்களில் மக்களவைத் தேர்தல். பிறகு ஓராண்டுக்கு மேல் அசைவே இல்லை. 2025 ஏப்ரல் 8 அன்று 50 ரூபாய் ஏறியது. இதே காலத்தில், இட்லிக் கடை வாசலில் நிற்கும் 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை பெரும்பாலான மாதங்களில் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும்தான் இருந்தது. வீட்டிலும் கடையிலும் எரிவது ஒரே எரிவாயு, வந்த கடலும் ஒன்றே. ஒன்று தூங்கி மற்றொன்று துள்ளியது என்றால், நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். நாள் நட்சத்திரம் பார்த்து இறங்குவது ஊழின் குணமாக எனக்குத் தெரியவில்லை.

பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு உலக விலையை மீற முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் உலக விலை சொல்வது மொத்தச் சுமையை மட்டும். அதில் யார் பங்கு எவ்வளவு என்று அது சொல்வதில்லை. வீட்டு சிலிண்டர் விற்பனையில் எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட நட்டத்துக்காக 2022 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 22,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அடுப்படிக்கு எவ்வளவு, கஜானாவுக்கு எவ்வளவு என்று உட்கார்ந்து பிரித்த கணக்கு அது.

இன்னொரு மறுப்பு கனமானது. பொருள் சேர்வதும் அழிவதும் ஊழால் என்று வள்ளுவரே சொல்கிறாரே? சொல்கிறார். ஆனால் அதே நூலில் கொடுங்கோன்மைக்குத் தனி அதிகாரம் இருக்கிறது. துன்பம் பொறுக்காமல் குடிகள் அழுத கண்ணீர் அரசின் செல்வத்தைத் தேய்க்கும் என்று அங்கே எச்சரிக்கிறார். குடிகளின் துன்பம் முழுக்க ஊழ் என்றால் அரசனை எச்சரிக்க வேண்டியதே இல்லை. சந்திரகிரியை அடுத்த சீனிவாச மங்காபுரத்தின் தலபுராணமும் இதற்கு ஒத்துவருகிறது. பத்மாவதியை மணந்த பெருமாள் அங்கே ஆறு மாதம் தங்கினாராம். அந்தக் கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார். திருமலை உண்டியலில் விழுவது இன்றும் அதன் வட்டிக்கு என்பது நம்பிக்கை. பிருகு முனிவர் பெருமாளின் மார்பில் உதைத்தார், அதனால் லட்சுமி பிரிந்தாள், அதனால் பணமுடை, அதனால் கடன் என்று கதை ஒவ்வொரு படிக்கும் ஆள்பெயர் சொல்கிறது. கடவுளின் கடனுக்கே கொடுத்தவன் யார், சாட்சி யார் என்று கேட்ட ஊர், சிலிண்டர் விலைக்கு மட்டும் விதியைக் காட்டுவது விநோதம்தான்.

விதி என்ற ஆறுதலையும் ஏழையிடமிருந்து பறிக்கலாமா என்பார்கள். சாவுக்கும் வறட்சிக்கும் அந்த ஆறுதல் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டு வெளியிட்ட ஆணைக்கு அது எதற்கு? நல்லது நடக்கும்போது நாம் விதியைத் தேடுவதுமில்லை. ஆந்திர அரசு 2024 தீபாவளிக்குத் தொடங்கிய தீபம்-2 திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 3 சிலிண்டர் இலவசம், நான்கு மாதத்துக்கு ஒன்று வீதம். அதற்கு முதலமைச்சரின் பெயரைச் சொல்லத் தயங்குபவர் யாருமில்லை. அவர் பிறந்த நாராவாரிபள்ளியும் இதே சந்திரகிரி மண்டலம்தான். பெரிய குடும்பத்தில் ஒரு சிலிண்டர் மாதம் தாண்டுவது அரிது. மூன்றாவதோடு இலவசம் ஏன் நின்றது என்ற கேள்வியும் அதே பெயருக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.