கேபிள்தான் காரணமா?

இரவு முழுக்கச் செருகிக் கிடந்த போன் காலையில் 31 சதவீதத்தில் நிற்கிறது. வீட்டில் இன்னொரு கேபிள் இருக்கிறது. அதை மாட்டியதும் சார்ஜ் ஏறத் தொடங்குகிறது. "கேபிள் போயிடுச்சு" என்று தீர்ப்பாகிப் பழையது குப்பைக்குப் போகிறது. அந்தத் தீர்ப்பைச் சொல்ல அங்கே யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி. கேபிளை மாற்றியபோது மாறியது கேபிள் மட்டுமல்ல. அடாப்டர் பிளக்கில் கொஞ்சம் அசைந்திருக்கும். சூடாகக் கிடந்த போன் சில நிமிடம் ஆறியிருக்கும். முனை முன்னைவிட ஆழமாக இறங்கியிருக்கும். கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயமல்ல. சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடக்கும் போனின் சார்ஜிங் துளையில் துணித்தூசு சேர்கிறது. ஒவ்வொரு முறை செருகும்போதும் முனை அதை உள்ளே தள்ளி அழுத்த, நாளடைவில் அது அட்டைபோல் இறுகிவிடுகிறது. பிறகு முனை முழுதாக உட்காராது. சற்றே இறுக்கமான முனையுள்ள கேபிள் என்றால் அந்த அழுக்கோடும் எப்படியோ தொட்டுக்கொள்ளும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறினால் சாம்பல் நிறத் திரி ஒன்று வெளியே வரும். குற்றவாளி அதுதான், தண்டனை கேபிளுக்கு.

ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருப்பதை அன்வயம் என்றும், அது இல்லாதபோது மற்றதும் இல்லாமல் போவதை வியதிரேகம் என்றும் நியாய சாத்திரக்காரர்கள் பிரித்தார்கள். 1843-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தம் தர்க்க நூலில் வகுத்த முறைகளும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போகின்றன. ஆனால் நியாயத்தார் கூடுதலாக ஒரு கண்ணியைக் கவனித்தார்கள்: உபாதி என்ற மறைந்த நிபந்தனை. நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று முடிவுகட்ட முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகும் வேண்டும். சார்ஜிங் துளையில் இறுகிக் கிடக்கும் தூசுதான் நம் வழக்கில் அந்த ஈர விறகு. அதைப் பிடிக்க ஒரே வழி, பழைய கேபிளை மறுபடி மாட்டிப் பார்ப்பது. பழுது திரும்பி வர வேண்டும். புதியதை மாட்டினால் மறுபடி போக வேண்டும். பழையது இன்னொரு போனிலும் தோற்க வேண்டும். இவ்வளவும் நடந்தால் கேபிளைக் குற்றம் சொல்லலாம். நடைமுறையில் இந்தப் பின்னோக்கிய அடியை யாரும் வைப்பதில்லை. ஏறத் தொடங்கிவிட்ட போனிலிருந்து கையை எடுக்கத்தான் மனசு சொல்லும்.

வேலை நடந்துவிட்டது, காரணம் எதற்கு என்று கேட்கலாம். அவசரமாக வெளியே கிளம்புகிறவருக்கு இது நியாயமான கேள்விதான். ஆனால் இதே அவசர வழக்கத்தைத்தான் நாம் பெரிய இடங்களுக்கும் கொண்டுபோகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்கிறோம், மாத்திரையும் கொடுக்கிறோம், காய்ச்சல் இறங்குகிறது. தானாக இறங்கும் காய்ச்சல்களும் ஏராளம். வேண்டுதலைத் திரும்பப் பெற்றுக் காய்ச்சல் வருகிறதா என்று சோதிக்க எந்தத் தாயும் துணியமாட்டாள், துணியவும் கூடாது. அப்படியானால் "பலித்தது, ஆகவே தெய்வம் கேட்டது" என்ற அனுமானத்துக்குப் பின்னோக்கிய அடி கிடையாது. இதைச் சொன்னால் பக்திக்கு எதிராகப் பேசுவதாக எடுத்துக்கொள்வார்கள். நான் சொல்வது அதுவல்ல. பலித்ததைச் சான்றாக வைப்பவர் தெய்வத்தைப் புதுக் கேபிளின் இடத்தில் வைக்கிறார். பலிக்காத நாளில் அதைக் குப்பையில் போட வேண்டியிருக்கும். வேண்டியும் குணமாகவில்லை, ஆகவே தெய்வம் இல்லை என்று மேடையில் முழங்குபவரும் அதே தவற்றை மறுபக்கமாகச் செய்கிறார். நம்பிக்கைக்கு வேறு அடிப்படை இருக்கலாம். இந்தச் சோதனை அதற்கு ஆதரவும் தராது, எதிர்ப்பும் தராது.

அனுமானத்தையே ஏற்காத சார்வாகருடைய ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. பத்து முறை திரும்பச் செருகினாலும், பதினோராவது முறையும் அப்படியே ஆகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உபாதி எப்போதும் ஒளிந்திருக்கலாமே? நியாய ஆசிரியர் உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியில் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பெரும்பாலும் போதுமானது: சந்தேகத்துக்கு எல்லை உண்டு, சந்தேகிப்பவனுடைய சொந்தச் செயலோடு மோதும் இடம்தான் அது. புகைக்கும் நெருப்புக்கும் உறவில்லை என்று வாதிடுபவனும் புகை வேண்டுமென்றால் நெருப்பைத்தான் மூட்டுகிறான். ஸ்ரீஹர்ஷர் பிற்பாடு இந்தப் பதிலைத் திருப்பிப்போட்டார்: மோதல் என்று ஒன்று இருக்குமானால் அங்கே சந்தேகமும் இருந்தே தீரும். தர்க்கமாக அது வலுவான அடிதான். ஆனால் அவர் தரப்பை ஏற்றவரும் போன் அணைந்தால் சார்ஜரைத்தான் தேடுவார், உப்பு டப்பாவைத் தேடமாட்டார். காரண அறிவு முழு உறுதியைத் தராது. செயல்படும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையும் திரும்பச் செருகிப் பார்த்தவருக்குத்தான்.

எனக்கு உண்மையிலேயே தொல்லை தரும் ஆட்சேபம் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் எழுப்பியது. எந்தச் சோதனையும் ஒரு கருதுகோளைத் தனியாகச் சோதிப்பதில்லை, ஒரு கூட்டத்தையே சோதிக்கிறது என்றார் அவர். ஓடாத கடிகாரத்தைக் கடிகாரக்காரர் பிரித்து ஒவ்வொரு பாகமாகப் பார்க்கலாம். மருத்துவர் நோயாளியைப் பிரிக்க முடியாது, முழு உடம்பின் குறிகளிலிருந்தே ஊகிக்க வேண்டும். இயற்பியலாளர் நிலை மருத்துவருடையதுதான் என்பது 1906-இல் வந்த அவர் நூலின் வாதம். பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் போன் கடிகாரமாக இருந்தது. பசை போட்டு ஒட்டிய இன்றைய போன் உடம்பாகிவிட்டது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் அடுக்கும் அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், ஒழிபு என்று ஒன்று உண்டு: இருப்பவற்றில் ஒவ்வொன்றாக விலக்கி எஞ்சியதைக் கொள்வது. பழுது பார்ப்பவர்கள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். அடாப்டர், கேபிள், சார்ஜிங் துளை, பேட்டரி, போர்டு, மென்பொருள் என்ற பட்டியலில் ஒன்றுதான் கெட்டிருக்கிறது என்றால் அது பிசகாது. கேபிளும் நைந்து, துளையிலும் தூசு அடைந்திருந்தால்? கேபிளை மாற்றினாலும் ஏறாது. துளையைச் சுத்தம் செய்து பழைய கேபிளையே மாட்டினாலும் ஏறாது. இரண்டையும் நிரபராதி என்று விட்டுவிட்டு போர்டைக் கழற்றப் போவோம். துயெமுக்கு முழுப் பதில் கிடையாது என்றே நினைக்கிறேன். வேறு போனில் நன்றாக ஏற்றிய சார்ஜரைக் கொண்டுவருவது, அந்தப் போனை இன்னொன்றால் உறுதிசெய்வது என்று ஒன்றை ஒன்று தாங்கும் சோதனைகளாகக் கட்டலாம். விலக்கியதை நிரந்தரமாக விலக்காமல் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கலாம். அவ்வளவுதான்.

இதையெல்லாம்விடக் கீழே ஓர் ஊகம் கேள்வியில்லாமல் கிடக்கிறது: ஏறாதது பழுது என்பது. லித்தியம் அயன் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். அதிகச் சூட்டில் ஏற்றினால் ஆயுள் குறையும். அதனால் இரு பக்கமும் போனே வேகத்தைக் குறைக்கும், நிறுத்தியும் விடும். சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடியருகே வைத்து, மேப்பும் ஓடவிட்டு, ஏறவில்லை என்று புகார் சொல்கிறவருடைய போன் சரியாகத்தான் வேலை செய்கிறது. பேட்டரி நீடிக்கட்டும் என்று 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியையும் பலர் கோளாறென்றே எடுத்துக்கொள்கிறார்கள். திரையில் தெரியும் சதவீதம்கூட நேரில் காணும் காண்டல் அல்ல, ஊகித்தறியும் கருதல். பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எந்தக் கருவியும் நேராகப் பார்ப்பதில்லை. மின்னழுத்தத்தையும் உள்ளே வந்து வெளியே போன மின்னோட்டத்தையும் வைத்து ஒரு சில்லு கணக்குப் போட்டுச் சொல்கிறது. பேட்டரி பழசாகும்போது அந்தக் கணக்கு பிசகி, 20 என்று காட்டிய போன் சட்டென்று அணைகிறது. நேரில் பார்த்தேன் என்று சாட்சி சொல்பவர் பார்த்தது இன்னொருவருடைய ஊகத்தை.

விட்டுவிட்டு வரும் கோளாறு எல்லா முறைகளையும் தோற்கடிக்கும். வீட்டில் ஏறவில்லை, கடைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஏறுகிறது. "நல்லாத்தானே ஏறுது சார்" என்கிறார் கடைக்காரர். திரும்பச் செருகிப் பார்க்கலாம் என்றால் திரும்பி வரப் பழுதே அங்கில்லை. அவர் கையில் எஞ்சுவது வந்தவருடைய சொல் மட்டும்: எப்போது, எந்தப் பக்கம் அசைத்தால், எவ்வளவு சூட்டில், எந்தச் சார்ஜரில். சைவ சித்தாந்திகள் காண்டல், கருதலோடு பிறர் சொல்லான உரையையும் தனி அளவையாக வைத்துக்கொண்டதை வேத ஆகமங்களுக்கு இடம்பிடிக்கும் உபாயம் என்று இன்றைய பகுத்தறிவாளர்கள் ஒதுக்குவதுண்டு. ஆகமத்தின் வழக்கு வேறு. அதை இங்கே முடிக்க முடியாது. ஆனால் உரை இல்லாமல் ஒரு லூஸ் கான்டாக்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. கைதேர்ந்த மெக்கானிக் அந்தச் சொல்லை அப்படியே விழுங்குவதுமில்லை, தள்ளிவிடுவதுமில்லை. கேபிளை வந்தவர் சொன்ன பக்கமாகச் சற்றே வளைத்துப் பிடித்துக்கொண்டு, மின்னோட்டம் காட்டும் மீட்டரைப் பார்த்தபடி, இன்னொரு கேள்வி கேட்கிறார்.